டெய்சி இலையில் ஆரஞ்சுப் பொடி: ஊர் விதையின் மேல் பழி போடலாமா?

கேள்வி, 2023 ஏப்ரல் 16

லெஸ்டரில் இருக்கிறோம். பின்புறப் புல்தரையில் தானாக முளைக்கும் வெள்ளை டெய்சிகளின் இலைகளில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். தொட்டால் விரலில் ஒட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் கேலண்டுலாத் தொட்டியிலும் இப்போது அதே புள்ளிகள். போன வருடம் தஞ்சாவூரிலிருந்து வந்த என் அத்தை செவ்வந்தி விதை கொண்டுவந்து விதைத்தார். அந்த விதையோடு வந்த நோய்தான் இது என்று என் கணவர் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிட வேண்டுமாம். அத்தை இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. விதையில் இப்படி ஒரு நோய் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 2023 ஏப்ரல் 17

எதையும் எரிக்க வேண்டாம். விதையைக் குற்றம் சொல்வதை முதலில் நிறுத்துங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் துரு நோய்க்கு உரியவை. ஆனால் துரு நோய் என்பது ஒரே நோயன்று. பக்சினியா என்ற ஒரே பேரினத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சை இனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று சில செடிகள்தான் இரை. கோதுமையைப் பிடிக்கும் துரு டெய்சியில் பிழைக்காது. செவ்வந்தியைப் பிடிக்கும் துருவும் டெய்சியைப் பிடிக்கும் துருவும் வெவ்வேறு.

உங்கள் புல்தரையில் இருப்பது பெரும்பாலும் பக்சினியா லாகெனோஃபோரே. பிறந்த இடம் ஆஸ்திரேலியா. இங்கிலாந்தில் இது முதன்முதலாகப் பதிவானது 1961இல். ஓராண்டு முன்னதாகவே பிரான்சில் கண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பா முழுவதும் பரவிவிட்டது. உங்கள் அத்தை பெட்டி கட்டுவதற்கு 60 ஆண்டுகள் முன்பே இது இந்த நாட்டில் குடியேறிவிட்டது. இதை அவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

இது பிடிக்கும் செடிகள் எல்லாம் சூரியகாந்திக் குடும்பம். நம் ஊர்க் கணக்கில் கரிசலாங்கண்ணி, வெட்டுக்காயப் பூண்டு, செவ்வந்தி, பார்த்தீனியம் எல்லாம் அந்தப் பெரிய குடும்பத்தின் பங்காளிகள். அதில் இந்தத் துருவுக்கு உகந்தவை சிலவே: டெய்சி, கேலண்டுலா, சினரேரியா, எல்லாவற்றுக்கும் மேலாக கிரவுண்ட்சல் என்ற களை. உங்கள் வேலியோரத்திலோ நடைபாதைக் கல்லிடுக்கிலோ கிரவுண்ட்சல் நிச்சயம் இருக்கும். முழங்கால் உயரம்கூட வராது. இலை பல்பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். பூ மஞ்சளாக, இதழ் விரியாமல், சின்னத் தூரிகைபோல் நிற்கும். அங்கிருந்துதான் உங்கள் டெய்சிக்கு வந்திருக்கிறது. அதைப் பிடுங்குங்கள், பாதிச் சண்டை முடிந்தது.

ஊரிலிருந்து விதை கொண்டுவர இந்த நாட்டில் விதிகள் உண்டு. அடுத்த முறை அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது தனி விஷயம்.

அதே நாள் இரவு

ஒன்று விட்டுவிட்டேன். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். வெறும் கண்ணில் பொடிதான் தெரியும். எது என்ன துரு என்று பொடியை வைத்துச் சொல்ல முடியாது. டெய்சி இலையையும் அத்தையின் செவ்வந்திச் செடிகளையும் படம் எடுத்து அனுப்புங்கள்.

2023 ஏப்ரல் 23

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். மூன்றாவது படம் போதும், சந்தேகமே இல்லை.

அந்தப் படத்தில் இலையின் அடிப்புறத்தைக் கவனியுங்கள். புள்ளி என்று நீங்கள் சொன்னவை புள்ளிகள் அல்ல, கிண்ணங்கள். குழிப்பணியாரச் சட்டியைக் குண்டூசித் தலை அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி, வட்டமாக நெருங்கி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பும் வெள்ளையாக, பல்பல்லாகக் கிழிந்து, வெளிப்பக்கம் மடிந்திருக்கும். உள்ளே கேசரிப் பவுடர் நிறத்தில் வித்துத்தூள், பூஞ்சை பரவுவது இந்தத் தூளால்தான். நான் முதன்முதலில் லென்ஸில் பார்த்தபோது அரை மணி நேரம் அந்த ஒரே இலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சுக் காற்று பட்டாலே தூள் எழும்பும். அதற்குப் பிறகு, பார்க்கும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு மூச்சு விடப் பழகினேன்.

செவ்வந்தித் துரு இப்படி இருக்காது. இதை அடித்துச் சொல்வேன், ஏனென்றால் நான் அதோடு வளர்ந்தவன். நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் அப்பா அரை ஏக்கரில் செவ்வந்தி போட்டிருந்தார். கார்த்திகை மூடுபனியில் இலைக்கு அடியில் காப்பித்தூள் தூவியதுபோல் வரும். கிண்ணமும் இருக்காது, வெள்ளை விளிம்பும் இருக்காது. தோல் வெடித்துப் பழுப்புப் பொடி கொட்டும். விடியற்காலை பூப்பறித்துவிட்டு வந்தால் முழங்கை வரைக்கும் பழுப்பாக இருக்கும். ‘துரு விழுந்துவிட்டது’ என்று அப்பா ஒரு வார்த்தைதான் சொல்வார். அன்றைக்கு வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

செவ்வந்திக்கு இன்னொரு துருவும் உண்டு, வெள்ளைத் துரு. பக்சினியா ஹோரியானா. ஜப்பானில் கண்டு 1901இல் பெயர் வைத்தார்கள், 1960களில் ஐரோப்பாவுக்கு வந்தது. மேல்புறத்தில் வெளிர்மஞ்சள் குழி, அடியில் மெழுகு உருட்டி வைத்ததுபோல் வெளிர் ரோஜா நிற மேடு, நாளாக நாளாக வெளுக்கும். நாற்றுப் பண்ணைக்காரர்கள் பயப்படுவது இதற்குத்தான். பல நாடுகள் இதைத் தனிமைப்படுத்தல் பட்டியலில் வைத்திருக்கின்றன. உங்கள் அத்தையின் செவ்வந்திச் செடிகளையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன் அல்லவா, அதில் இரண்டும் இல்லை. இலை சுத்தமாக இருக்கிறது.

அந்த வீட்டிலேயே நோயில்லாத செடி, அத்தை வைத்த செடிதான். கணவரிடம் படத்தைக் காட்டுங்கள்.

2023 மே 6

வங்கி விடுமுறை வார இறுதி, மழை, வெளியே வேலை இல்லை. இதன் பூர்வீகத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், எழுதுகிறேன்.

இந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்தவர் மோர்டெகாய் கியூபிட் குக் என்ற ஆங்கிலேயர், ஆண்டு 1884. கியூ தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஆஸ்திரேலியாவிலிருந்து காய்ந்த இலைகளும் பூஞ்சைகளும் அவரிடம் வந்து குவியும், உட்கார்ந்து பெயர் வைப்பார். லாகெனோஃபோரா என்ற சின்ன ஆஸ்திரேலிய டெய்சியின் மேல் இருந்ததால் லாகெனோஃபோரே. ஆக, பெயர் இங்கிலாந்தில் அச்சேறி 77 ஆண்டுகள் கழித்துத்தான் பூஞ்சை உயிரோடு இங்கே பதிவானது.

கிரவுண்ட்சலின் கதை எதிர்த்திசை. அது ஐரோப்பாவின் பழைய களை. குடியேறிகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அங்கே உள்ளூர் டெய்சிகளில் இருந்த துரு புதிதாக வந்த இந்தக் களைக்குத் தாவியது. பிறகு, எப்படியோ கப்பலோ விமானமோ ஏறி, களையின் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்தது. காற்றும் மழைத்துளியும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

துரு நோயும் இங்கிலாந்தும் என்றதும் என் மனம் இலங்கை மலைநாட்டுக்குத்தான் போகிறது. 1869இல் அங்கிருந்து வந்த ஒரு காப்பி இலையைப் பார்த்து மைல்ஸ் பெர்க்லியும் கிறிஸ்டோபர் புரூமும் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அழிப்பது என்ற பொருள் பெயரிலேயே இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தோட்டங்கள் வீழ்ந்து தேயிலைக்கு மாறின. காப்பி பறிக்க என்று நம் மாவட்டங்களிலிருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்ட மக்களின் வாழ்க்கையை ஓர் இலைத் துரு அப்படியே புரட்டிப்போட்டது. டெய்சித் துருவை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் லென்ஸ் வழியாக ஆரஞ்சுத் தூளைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த நினைவு வருகிறது.

2023 மே 7

‘துரு வந்த இலையை உரக்குழியில் போடலாமா’ என்று கேட்டவருக்கு: போடலாம். துருப் பூஞ்சைக்கு உயிருள்ள இலை வேண்டும். இலை அழுகினால் அதன் வாழ்வும் முடிந்தது. ஆனால் பிடுங்கிய கிரவுண்ட்சலைப் பூவோடு போடாதீர்கள். பிடுங்கிய பிறகும் அதன் பூ காய்த்து விதை பறக்கும். செனீசியோ என்ற அதன் லத்தீன் பெயருக்குக் கிழவன் என்று பொருள். அந்த வெள்ளைத் தலைமுடியைப் பார்த்து வைத்த பெயர்.

2023 மே 28

ஏப்ரல் 17 அன்று நான் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘அங்கிருந்துதான் உங்கள் டெய்சிக்கு வந்திருக்கிறது.’ இதை எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்? கிரவுண்ட்சலிலும் துரு, டெய்சியிலும் துரு, இரண்டும் ஆரஞ்சுக் கிண்ணம். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

நேற்று சமையலறை ஜன்னலோரம் எட்டுத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். இரண்டில் கிரவுண்ட்சல் நாற்று, ஆறில் டெய்சி. எல்லாம் துரு இல்லாத செடிகள், கைலென்ஸில் ஒவ்வோர் இலையாகப் பார்த்து எடுத்தவை. கென்ட்டில் நான் குத்தகைக்கு வைத்திருக்கும் காய்கறி நிலத்திலிருந்து துருப்பிடித்த கிரவுண்ட்சல் ஒன்றும், புல்தரையிலிருந்து துருப்பிடித்த டெய்சி ஒன்றும் கொண்டுவந்தேன். இரண்டு புதிய ஓவியத் தூரிகைகள். கிரவுண்ட்சல் தூளை இரண்டு கிரவுண்ட்சல் தொட்டிகளுக்கும் மூன்று டெய்சித் தொட்டிகளுக்கும் தடவினேன். டெய்சித் தூளை மீதி மூன்று டெய்சிகளுக்கு. தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் பையால் மூடி ஓர் இரவு நிழலில் வைத்தேன். வித்து முளைக்க இலை நனைந்திருக்க வேண்டும்.

மனைவி எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு தொட்டிக்கும் சீட்டு எழுதி ஒட்டினார்.

2023 ஜூன் 8

பன்னிரண்டாம் நாள். கிரவுண்ட்சல் இரண்டிலும் இலையில் வெளிர்மஞ்சள் திட்டு. தடவிப் பார்த்தால் அடிப்புறம் கொஞ்சம் தடித்திருக்கிறது. டெய்சிகளில் இன்னும் ஒன்றுமில்லை.

2023 ஜூன் 10

கிரவுண்ட்சலில் கிண்ணங்கள் திறந்துவிட்டன. நேற்று இரவு பார்த்தபோது மூடிய மஞ்சள் முத்துகள், இன்று காலை வாய் பிளந்திருக்கின்றன. விளிம்பு இன்னும் மடியவில்லை.

2023 ஜூன் 25

முடிவு இதுதான். டெய்சித் தூள் தடவிய மூன்று டெய்சிகளில் இரண்டுக்குத் துரு வந்தது. கிரவுண்ட்சல் தூள் தடவிய மூன்று டெய்சிகளில் ஒன்றுக்கும் வரவில்லை. நான்கு வாரம் ஆகிறது, இனி வராது.

மூன்று செடிகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தூளே தடவாத தொட்டி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. அந்த மூன்று டெய்சிகளும் இயல்பிலேயே எதிர்ப்புச் சக்தி உள்ளவையாக இருந்திருக்கலாம். ஆனால் என் ஏப்ரல் 17 வரியை இனி நான் அப்படியே விட முடியாது. அதைத் திரும்பப் பெறுகிறேன். உங்கள் டெய்சிக்கு வந்த துரு பக்கத்துக் கிரவுண்ட்சலிலிருந்து வந்ததாக இருக்கலாம், இன்னொரு டெய்சியிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். இரண்டாவதற்குத்தான் இப்போது என் வாக்கு.

2023 ஜூலை 2

இதை எழுதிய பிறகு பழைய ஆராய்ச்சிகளை எடுத்துப் படித்தேன். இந்தக் குழப்பம் பெரியவர்களுக்கும் இருந்திருக்கிறது.

1990களின் பிற்பாதியில் பிரிட்டனின் புல்தரை டெய்சிகளில் துரு திடீரென்று தலைவிரித்தாடியது. அதற்கு முன்னும் டெய்சியில் துரு உண்டு. ஆனால் இவ்வளவு இல்லை. ரோலண்ட் வெபர், ஜான் வெப்ஸ்டர் போன்ற பூஞ்சையியலாளர்கள் ஆராய்ந்து, இது கிரவுண்ட்சல் துரு அன்று, பக்சினியா டிஸ்டிங்க்டா என்ற வேறோர் இனம் என்றார்கள். அந்தப் பெயரும் ஆஸ்திரேலியாவில் பிறந்ததுதான். டேனியல் மெக்கல்பைன் 1895இல் வைத்தது. பக்சினியா அப்ஸ்கூரா என்ற மூன்றாவது ஒன்றும் டெய்சியில் வரும். அது பாதி வாழ்வை டெய்சியிலும் மீதியை லுசூலா என்ற புல்போன்ற செடியிலும் கழிக்கும்.

பிறகு 2011இல் மார்கஸ் ஷோலரும் அவர் குழுவினரும் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்து, டிஸ்டிங்க்டாவும் லாகெனோஃபோரேதான், தனி இனம் அன்று என்று சேர்த்துவிட்டார்கள். அதனால் நான் ஏப்ரலில் சொன்ன பெயர் நிற்கிறது. ஆனால் ஒரே இனத்துக்குள் ஒவ்வொரு செடிக்கும் பழகிப்போன தனித்தனி வகைகள் இருக்க முடியும். பெயர் ஒன்றானதால் டெய்சியில் இருப்பது கிரவுண்ட்சலுக்கும், கிரவுண்ட்சலில் இருப்பது டெய்சிக்கும் தானாகத் தாவும் என்று ஆகாது. என் ஜன்னலோரத் தொட்டிகள் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகிறது என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

2023 ஜூலை 3

சுருக்கமாக வாழ்க்கைச் சுற்றைக் கேட்டிருந்தீர்கள்.

துருப் பூஞ்சைகளில் பெரிய குடும்பஸ்தர்கள் ஐந்து வகை வித்துகள் உண்டாக்கும், இரண்டு வேறு வேறு செடிகளில் குடியிருக்கும். கோதுமைத் தண்டுத் துருவுக்குக் கோதுமையும் வேண்டும், பார்பெரிப் புதரும் வேண்டும். பார்பெரியில் உண்டாகும் ஆரஞ்சுக் கிண்ணத்தின் வித்து பார்பெரிக்கே திரும்பாது, கோதுமைக்குத்தான் போகும். டெய்சித் துரு இந்தப் பயணத்தை வெட்டி எறிந்துவிட்டது. அதன் கிண்ண வித்து பறந்து அதே வகைச் செடியில் இறங்கி, இரண்டு வாரத்தில் மறுபடி கிண்ணமாகும். வசந்தத்திலிருந்து பனி விழும்வரை இப்படியே சுற்றும். வருடக் கடைசியில் கிண்ணங்களைச் சுற்றிக் கரும்பழுப்புப் புள்ளிகள் வரும், அவை வேறு வகை வித்து. ஆனால் இந்தத் துரு பெரும்பாலும் குளிரைக் கடப்பது பச்சைச் செடிக்குள் ஒளிந்திருந்துதான். டெய்சியும் கிரவுண்ட்சலும் குளிர்காலத்திலும் பச்சையாக இருக்கும். துருவுக்கு அது போதும்.

2023 ஆகஸ்ட் 13

மருந்து அடிக்கலாமா என்று நான்காவது முறையாக யாரோ கேட்கிறார்கள். புல்தரை டெய்சிக்கு வேண்டாம். விற்பனைக்கு சினரேரியா வளர்க்கும் கண்ணாடிக்கூடத்துக்காரர் கவலைப்படட்டும். நாம் செய்ய வேண்டியது மோசமான இலைகளைக் கிள்ளுவது, தண்ணீரைக் காலையில் வேரில் ஊற்றுவது, தொட்டிகளை நெருக்காமல் வைப்பது. அவ்வளவுதான்.

மேலும், இந்தத் துரு எனக்கு ஒரு வேலை செய்து கொடுக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையில் இங்கிலாந்தில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த வாரம் என் வெங்காயப் பாத்தியில் கிரவுண்ட்சல் மண்டிக் கிடந்தது, பிடுங்க எனக்குத் தெம்பில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் துருப்பிடித்தவை எல்லாம் துவண்டு தரையில் படுத்திருந்தன. துரு இல்லாதவை நிமிர்ந்து நின்றன. கோடு போட்டதுபோல் பிரிந்திருந்தன.

காரணம் பிறகுதான் புரிந்தது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நைஜல் பாலும் பீட்டர் அயர்ஸும் 1980களில் இதைத்தான் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கிண்ணமும் இலைத்தோலில் ஒரு கிழிசல். அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும், இலைத்துளையை மூடியும் பயனில்லை. அதே சமயம் வேர் வளர்ச்சியும் குறையும். அதனால்தான் வறட்சியில் முதலில் சாய்கிறது. பூவும் விதையும் குறையும். குளிர்காலத்தில் அந்தக் கிழிசல்கள் வேறு பூஞ்சைகளுக்கு வாசலாகும், செடி செத்துப்போகும்.

துருவைக் கொண்டே கிரவுண்ட்சலை அடக்கலாமா என்று 1990களில் ஸ்விட்சர்லாந்தில் ஹைன்ஸ் முல்லர்-ஷேரர் குழுவினர் முயன்றார்கள். வெளியிலிருந்து எதையும் புதிதாகக் கொண்டுவராமல், ஏற்கனவே அங்கே இருக்கும் துருவை வசந்தத்தின் தொடக்கத்திலேயே பரப்பிவிடுவது அவர்கள் வழி. களை சாகாது, ஆனால் பயிரோடு போட்டி போட முடியாமல் தளரும். கிரவுண்ட்சலுக்கு எதிராக இப்படி வேறு வழி தேடியதில் நியாயம் இருந்தது. களைக்கொல்லிக்குப் பழகிப்போன களை என்று முதலில் அறிவிக்கப்பட்டவற்றில் இது ஒன்று. 1970இல், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து நாற்றுப் பண்ணையில், சிமசின் என்ற மருந்துக்கு மசியாமல் நின்றது.

2023 ஆகஸ்ட் 14

நேற்றையதைப் படித்துவிட்டு ஒருவர், ‘அப்படியென்றால் பார்த்தீனியத்துக்கும் துருவை விட்டால் என்ன’ என்று கேட்கிறார். விட்டிருக்கிறார்கள். மெக்சிகோவிலிருந்து எடுத்த ஒரு பக்சினியாவை 1991இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பார்த்தீனியத்தின் மேல் விட்டார்கள். வெயில் மிகுந்த இடங்களில் அதற்கு அவ்வளவு பிடிப்பு இல்லை.

இதைவிடப் பெரிய கதை கோன்ட்ரில்லா என்ற களையுடையது. அதுவும் டெய்சிக் குடும்பம்தான். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களை அது பிடித்து வைத்திருந்தது. 1971இல் இத்தாலியில் எடுத்த பக்சினியா கோன்ட்ரில்லினா என்ற துருவை அங்கே வேண்டுமென்றே விட்டார்கள். துரு அபாரமாகப் பரவியது. ஆனால் அந்தக் களையில் மூன்று வடிவங்கள் இருந்தன. மெல்லிய இலை வடிவத்தைத்தான் துரு பிடித்தது. அது ஒழிந்த இடத்தில் மற்ற இரண்டும் பரவின. இதை முதன்முதலில் படித்த நாளில் என் ஜன்னலோரத் தொட்டிகள் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒரே களைக்குள் ஒன்றைப் பிடிக்கும், ஒன்றைப் பிடிக்காது. துருவின் பிடி அவ்வளவு குறுகலானது.

2023 அக்டோபர் 21

இன்று ரயிலுக்குக் காத்திருந்தபோது நடைமேடை முனையில், தண்டவாளத்துச் சரளையில், மஞ்சள் பூத்த செடி ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு ராக்வர்ட். அடியிலை முழுக்க ஆரஞ்சுக் கிண்ணங்கள். கடைசி நடைமேடையில் குனிந்து உட்கார்ந்து லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்து ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். காட்டினேன். அவரும் பார்த்தார். அடுத்த ரயிலில்தான் இருவரும் ஏறினோம்.

இந்தச் செடி சிசிலியின் எட்னா எரிமலைச் சரிவிலிருந்து வந்த கலப்பினம். ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் தோட்டத்தில் வளர்த்தார்கள். அங்கிருந்து தப்பி, 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை வந்ததும் சரளைக்கல்லை எரிமலைச் சாம்பல் என்றே எடுத்துக்கொண்டு பாதையோடு நாடெங்கும் பரவிவிட்டது. சிசிலிச் செடி, ஆஸ்திரேலியத் துரு, ஆங்கிலேய ரயில் நிலையம். இதில் எது வந்தேறி என்று கேட்டால் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது?

2024 ஜனவரி 20

பனி உறைந்த காலை. வெங்காயப் பாத்தியில் துருப்பிடித்த கிரவுண்ட்சல் பதினொன்றைக் குச்சி நட்டு அடையாளம் வைத்திருந்தேன், துரு இல்லாதவை பதினொன்று. இன்றைய கணக்கு: துருப்பிடித்தவற்றில் நான்கு மிச்சம், துரு இல்லாதவற்றில் ஒன்பது. செத்தவற்றில் சிலவற்றின் தண்டில் சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பாலும் அயர்ஸும் எழுதியதை என் பாத்தியிலேயே பார்த்தேன்.

உயிரோடு இருக்கும் அந்த நான்கின் நடு இலைகளைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றில் மங்கலான மஞ்சள் திட்டு. உள்ளே இருக்கிறது.

2024 மார்ச் 10

முதல் கிண்ணம் நேற்று திறந்தது. டெய்சியில் இன்னும் இல்லை.

லெஸ்டரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, அவர் அனுமதியோடு எழுதுகிறேன். கணவர் எதையும் எரிக்கவில்லை. செவ்வந்தி கார்த்திகையில் பூத்து, திருக்கார்த்திகை அன்று அத்தை தொடுத்து சாமிக்குச் சாற்றியிருக்கிறார். பொங்கலுக்குப் பேரன் அவருக்குக் கைலென்ஸ் வாங்கிக் கொடுத்தானாம். காலையில் காப்பி குடித்ததும் புல்தரைக்குப் போய்விடுகிறார். கேலண்டுலாவில் ஒன்றும் இல்லை, ஆனால் வேலியோரத்தில் ஒரு செடி, இலை மேல்புறம் மஞ்சளாக வீங்கியிருக்கிறது, கிண்ணம் தெரியவில்லை, இதுவும் அதுதானா என்று கேட்கச் சொன்னாராம்.

அம்மா, இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மூடிய முத்துகள் இருந்தால் அதுதான். இரண்டு நாள் பொறுத்தால் திறக்கும். செடியைப் பிடுங்குவதானால் அதைப் பார்த்துவிட்டுப் பிடுங்குங்கள்.